நோட்டா, ஆல்பமா, கைப்பேசியா, குரலா? பிள்ளைப்பேற்றின் நினைவுகளை எதில் வைப்பது

சித்தி மகளுக்கு இது ஐந்தாம் மாதம். போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் கைப்பையைத் துழாவி, இரண்டாக மடித்த வழுவழுப்பான சிறு தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். முதல் ஸ்கேனில் கொடுத்த படம். மடிப்பு விழுந்த இடத்தில் வெள்ளைக் கோடு, ஓரமெல்லாம் வெளுத்திருந்தது.

"இரண்டரை மாதம்தான் ஆகிறது அக்கா, அதற்குள் இப்படி. இதையெல்லாம் எதில் வைத்துக்கொள்வது? நோட்டு வாங்கலாமா, ஆல்பம் போடலாமா, எல்லாம் போனிலேயே இருக்கட்டுமா? அவர் போட்டோஷூட் எடுக்கலாம் என்கிறார். அத்தையோ வயிற்றைப் படமே எடுக்கக் கூடாது என்கிறார்."

நான் இரண்டு பிள்ளை பெற்றவள். படங்களையும் காகிதங்களையும் விதவிதமாகத் தொலைத்த குடும்பத்தில் பிறந்தவள். இந்த இரண்டு தகுதிகளை வைத்துக்கொண்டு அன்று அவளிடம் பேசியதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஸ்கேன் படம். அதற்குத்தான் அவசரம். அது அச்சடித்த படம் இல்லை. சூடு பட்டால் கறுக்கும் பூச்சு பூசிய தாள். ஏடிஎம் ரசீதும் பஸ் கண்டக்டர் இயந்திரத்தில் கிழித்துத் தரும் டிக்கெட்டும் சில மாதங்களில் வெள்ளைத் தாளாகிவிடுகின்றன அல்லவா, அதே இனம். வெயில், சூடு, பிளாஸ்டிக் உறை, கையில் தேய்த்துக்கொள்ளும் சானிடைசர் எல்லாமே அதற்கு எதிரி. ஆசையாக லேமினேஷன் செய்யக் கொடுத்துவிடாதீர்கள். சூடான உருளைக்குள் போய் வெளியே வரும்போது முழுக்கக் கரியாக இருக்கும். என் தோழி ஒருத்தி அப்படித்தான் இழந்தாள். செய்ய வேண்டியது சுலபம். பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், கைப்பேசியில் ஒரு படம். அதை ஸ்டூடியோவில் கொடுத்துச் சாதாரணப் போட்டோத்தாளில் இரண்டு பிரதி. மூலத்தைக் காகித உறையில் போட்டு அலமாரியின் இருட்டில் வைத்துவிடலாம். ஐந்தாம் மாதத்துப் பெரிய ஸ்கேன் முடிந்து வெளியே வந்ததும் இதையே செய்துவிடு என்றேன்.

மற்றவற்றுக்கு வருவோம். எந்த வழியானாலும் நான் மூன்று கேள்வி கேட்பேன். இருபத்தைந்து வருடம் தாங்குமா? பச்சை உடம்போடு, இரவு மூன்று மணிக்குப் பால் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளால் செய்ய முடியுமா? நாம் இல்லாதபோது வேறொருவர் அதைத் திறக்க முடியுமா? முதல் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவதைப் பிள்ளை பெறாதவர்கள் கேட்பதில்லை. மூன்றாவதை, வீட்டில் ஒரு சாவு விழும்வரை யாருமே கேட்பதில்லை.

நோட்டிலிருந்து தொடங்குகிறேன், என் மனம் அந்தப் பக்கம் சாய்வதால்.

நம் வீடுகளில் பிறப்பைப் பதிந்து வைத்த பழைய ஆவணம் எது? ஜாதக நோட்டு. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் பக்கத்தில் "ஜனனீ ஜன்ம சௌக்யானாம்" என்று தொடங்கும் சுலோகம் எழுதி, கட்டம் போட்டு வைத்திருப்பார்கள். ஜோதிடத்தில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, பிறந்த நாழிகையைப் பிசகாமல் குறித்து வைக்க வேண்டும் என்ற பழக்கத்தை அது வீடுதோறும் உண்டாக்கியது. ஆனால் அதில் தாய் இருக்க மாட்டாள். எத்தனை மணி நேரம் வலித்தது, யார் கையைப் பிடித்துக்கொண்டாள், முதலில் என்ன குடிக்கக் கொடுத்தார்கள் என்றெல்லாம் ஜோதிடருக்கு என்ன கவலை?

என் தாத்தா வரவு செலவு எழுதும் டைரியில் அம்மா பிறந்த அன்றைய பக்கத்தில் மூன்றே வரி: "நல்ல மழை. சுகப்பிரசவம், பெண். மருத்துவச்சிக்குப் புடவை ஒன்று, ரூபாய் ஐந்து, வெற்றிலை பாக்கு." அந்த வரிகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாழ்வாரமும் ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீரும் தெரிகின்றன. நான் எடுத்த ஐந்தாயிரம் படத்தில் ஒன்றிலாவது நர்சுக்கு என்ன கொடுத்தோம் என்பது இருக்கிறதா?

ஆகவே நோட்டு எழுதுகிறவர்களுக்கு என் யோசனை: உணர்ச்சியை எழுத மெனக்கெடாதீர்கள். "இன்று நான் மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறேன்" என்பதை இருபது வருடம் கழித்துப் படித்தால் ஒன்றும் கிடைக்காது. மசக்கையில் எந்த வாடை குமட்டியது, எதைத் தின்னத் தோன்றியது, வளைகாப்புக்கு யார் யார் வந்தார்கள், கலந்த சாதம் எத்தனை வகை, கண்ணாடி வளையல் டஜன் என்ன விலை, ஆட்டோக்காரர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். எனக்கு மூத்தவள் வயிற்றில் இருந்தபோது தாளிக்கிற வாடை ஆகவில்லை. நான்கு மாதம் தாளிக்காத குழம்பைச் சாப்பிட்ட என் கணவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தை மட்டும் என் மகள் திரும்பத் திரும்பப் படிக்கிறாள்.

குழந்தை வளர்ச்சியைக் குறிப்பதற்கென்று அச்சடித்த புத்தகங்கள் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. பரிசாக வந்த ஒன்றைத் திறந்து பார்த்தேன். முதல் கிறிஸ்துமஸ், முதல் பனிப்பொழிவு, முதல் முடிவெட்டின்போது ஒரு சுருள் முடியை ஒட்ட இடம். நம் வீட்டில் குலதெய்வம் கோயிலில் மொட்டை அடித்தால் சுருளா மிஞ்சும்? காது குத்துக்கு அதில் பக்கம் இல்லை. தொட்டில் போட்ட நாளுக்கு இல்லை. முதல் சோறு ஊட்டியதற்கு இருந்தது, அதுவும் கரண்டி படம் போட்டு. இத்தனைக்கும் குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பிரித்துப் பாடிய இலக்கிய வகையே நம்மிடம் இருக்கிறது. பிள்ளைத்தமிழில் பத்துப் பருவம். ஒரு காலை மடக்கி, கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. ஏறக்குறைய ஐந்தாம் மாதம். கை தட்டுவது சப்பாணி. முத்தம் கேட்பது ஒரு பருவம், தளர்நடையில் வா என்று அழைப்பது வருகை, நிலாவை விளையாடக் கூப்பிடுவது அம்புலி. இந்தப் பெயர்களையே தலைப்பாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம் விட்டு, இருநூறு பக்கக் கெட்டி அட்டை நோட்டு ஒன்றில் என் இரண்டாவது பிள்ளைக்கு எழுதினேன். சப்பாணிப் பருவத்துக்கான நான்கு பக்கமும் காலி. அந்த மாதம் முழுக்க அவனுக்கு வயிற்றுப்போக்கு, எனக்குத் தூக்கமில்லை. காலியாக இருப்பதும் ஒரு பதிவு என்று விட்டுவிட்டேன்.

நோட்டின் பலவீனமும் அங்கேதான் தெரிகிறது. இரண்டாம் கேள்வியில் அது தோற்றுவிடும். பிரசவத்துக்குப் பிந்திய நாற்பது நாளில் பேனா பிடிக்கிற தெம்பு யாருக்கும் இருக்காது. லேகியம் விழுங்குவதே ஒரு வேலை. எனவே வயிற்றில் இருக்கும்போதே எழுத வேண்டியதை எழுதிவிட வேண்டும். பிறந்த பிறகு நாளுக்கு ஒரு வரி போதும், அதையும் அம்மாவோ கணவரோ கேட்டு எழுதட்டும். ஜெல் பேனா வேண்டாம். தண்ணீர் பட்டால் கரைகிற வாய்ப்பு அதிகம். சாதாரணப் பந்துமுனைப் பேனாவின் மை எண்ணெய்ப் பசை கொண்டது, ஈரத்தைத் தாங்கும். பென்சில் அதைவிடக் கெட்டிக்காரன்.

காகிதத்துக்கு எதிரி என்றால் கரையானையும் இராமபாணப் பூச்சியையும் சொல்வோம். ஓலைச்சுவடிக்கு வசம்பு பூசிக் காத்த ஊர் இது. பிள்ளை வளர்ப்பான் என்று அதே வசம்புக்கு இன்னொரு பெயர் இருப்பதும், அதையே வளையலாகக் கோத்துக் குழந்தையின் கையில் கட்டுவதும் எனக்கு எப்போதும் பிடித்த பொருத்தம். ஆனால் எங்கள் வீட்டில் நோட்டை அழித்தது பூச்சி இல்லை, போகி. அம்மா நான் வயிற்றில் இருந்தபோது ஒரு நாற்பது பக்க நோட்டில் ஏதேதோ எழுதி வைத்திருந்தாராம். அட்டையில் ஒன்றும் எழுதாததால் பழைய கணக்கு நோட்டுகளோடு சேர்ந்து அதுவும் ஒரு போகியன்று விடிகாலையில் எரிந்துபோனது. அட்டையில் பெரிதாகப் பெயர் எழுதுங்கள். இந்தக் கட்டுரையிலேயே செலவில்லாத யோசனை அதுதான்.

ஆல்பத்துக்கு வருகிறேன். என் பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படம் இன்னமும் மூக்குத்திக் கல் தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருக்கிறது. அதற்கு முப்பது வருடம் பின்னால் எடுத்த அம்மாவின் சீமந்தக் கலர் படமோ செக்கச் சிவந்துவிட்டது. அந்தக் காலக் கலர் பிரிண்டுகளில் நீலச் சாயம் முதலில் வெளுக்கும், சிவப்புதான் கடைசிவரை நிற்கும்; உங்கள் வீட்டு எண்பதுகளின் படங்களையும் எடுத்துப் பாருங்கள். இன்றைய போட்டோத்தாள்கள் அதைவிட நன்றாகத் தாங்குகின்றன. அவற்றைக் கெடுப்பது பெரும்பாலும் நாம் வாங்கும் ஆல்பம்தான். பசை தடவிய பக்கத்தில் படத்தை ஒட்டி மேலே பிளாஸ்டிக் தாளை மூடுகிற வகை இருக்கிறதே, அதைத் தவிர்த்துவிடுங்கள். பத்து வருடத்தில் பசை மஞ்சளாகிப் படத்தோடு ஐக்கியமாகிவிடும். செருகும் வகை நல்லது. கறுப்புத் தாளில் மூலைகளைச் செருகி வைக்கும் பழைய வகை கிடைத்தால் இன்னும் நல்லது.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் ஜாபர்கான்பேட்டையில் என் பெரியம்மா வீட்டின் தரைத்தளத்துக்குள் நெஞ்சு உயரம் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால், பீரோவின் கீழ்த் தட்டில் இருந்த ஆல்பங்கள் செங்கல் மாதிரி. அவசரப்பட்டு வெயிலில் காயவைத்தோம். முழுக்கத் தப்பு. காய்ந்ததும் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, பிரித்தால் முகங்கள் உரிந்து வந்தன. ஈரமாக இருக்கும்போதே நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி ஒவ்வொன்றாகப் பிரித்து, படப்பக்கம் மேலே இருக்கும்படி நிழலில் பரப்ப வேண்டும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். பரணில் இருந்த ஜாதக நோட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆல்பத்தை எங்கே வைக்கிறோம் என்பது எந்த ஆல்பம் வாங்குகிறோம் என்பதைவிட முக்கியம். சென்னையில் தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் கீழ்த் தட்டில் புடவையை வைத்துக்கொள்ளட்டும்.

எத்தனை படம்? கருவுற்றதிலிருந்து முதல் பிறந்தநாள் வரை அறுபதுக்கு மேல் போகாதீர்கள். தேர்ந்தெடுக்கிற வேலையில்தான் ஆல்பத்தின் மதிப்பே இருக்கிறது. ஒவ்வொன்றின் பின்னாலும் மென்மையான பென்சிலால் யார், எங்கே, என்றைக்கு என்று எழுதுங்கள். பேனாவால் அழுத்தினால் முன்பக்கம் தழும்பு விழும். வளைகாப்புப் படத்தில் பெயர் எழுதாமல் விட்டுவிட்டு, பாட்டி போனபின் "இந்த நீலப் புடவை யார்?" என்று குடும்பமே முழிப்பதை நான் பார்த்துவிட்டேன்.

அச்சிட்டுப் புத்தகமாகவே கட்டித் தரும் கரிஷ்மா ஆல்பம் பற்றியும் கேட்டாள். படம் நன்றாகத்தான் இருக்கும். வடிவமைக்கிறவர் கையை மட்டும் கொஞ்சம் கட்டிப்போட வேண்டும். என் வளைகாப்பு ஆல்பத்தில் நான் சுவிட்சர்லாந்து மலை முன்னால் உட்கார்ந்து வளையல் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

போட்டோஷூட் குறித்து அவள் மாமியாரின் கருத்துக்கும் என் கருத்துக்கும் காரணம் வேறு, முடிவு ஏறக்குறைய ஒன்று. கண்பட்டுவிடும் என்பது அவர் பயம். எனக்கு அந்தப் பயம் இல்லை. அந்தப் படங்களில் அவள் இருக்க மாட்டாள் என்பதுதான் என் குறை. வாடகைக் கவுன், யாருடையதோ தோட்டம், எல்லாத் தம்பதிகளும் ஒரே மாதிரி வயிற்றில் இதயம் வரையும் கைகள். ஆசையாக இருந்தால் எடுத்துக்கொள்ளட்டும், பாவமில்லை. ஆனால் நினைவுக்கான செலவு என்று அதைக் கணக்கில் எழுதாதே என்றேன். அதே படக்காரரை வீட்டுக்கு அழைத்து, நைட்டியும் துண்டுமாக நீ முருங்கைக்கீரை ஆய்கிற ஒரு மத்தியானத்தை எடுக்கச் சொல். அதை உன் பிள்ளை சட்டம் போட்டு மாட்டுவான். பிறந்த குழந்தையைக் கூடையிலும் வாளியிலும் மடக்கி வைத்து எடுப்பதைப் பற்றி மட்டும் கடுமையாகவே சொன்னேன்: கழுத்து நிற்காத பிள்ளை. வேண்டாம்.

இன்னொன்று. பிரசவத்துக்குப் பிறகு வீட்டில் எடுக்கும் படங்களில் தாய் இருப்பதே இல்லை. எடுக்கிறவள் அவள்தானே. என் மூத்தவளின் முதல் ஆறு மாதத்தில் என் படம் மொத்தம் ஏழு. அதில் மூன்றில் கை மட்டும். வாரம் ஒருமுறை கைப்பேசியைக் கணவரிடம் கொடுத்துவிட வேண்டும், தலை வாரவில்லை என்ற சாக்குச் சொல்லாமல்.

கைப்பேசியும் இணையச் சேமிப்பும்: இதற்கு இரண்டாம் கேள்வியில் நூற்றுக்கு நூறு. ஒற்றைக் கையில், இருட்டில், தூக்கக் கலக்கத்தில் செய்ய முடிகிற வழி இது ஒன்றுதான். வெள்ளம் ஏற முடியாத பரண் என்றும் சொல்லலாம். பெரியம்மா வீட்டுப் பேரனின் 2015 படங்கள் அத்தனையும் இன்று இருக்கின்றன என்றால் அவை கூகுளில் இருந்ததால்தான்.

பரணுக்கு வாடகை உண்டு என்பதை மறக்கக் கூடாது. 2021 ஜூன் 1-ஆம் தேதிக்கு முன்பு கூகுள் போட்டோஸில் சற்றே சுருக்கிய படங்களை வரம்பில்லாமல் இலவசமாக வைக்க முடிந்தது. அதன் பிறகு மின்னஞ்சலும் சேர்த்து மொத்தம் 15 ஜிபி. ஒரு படம் நான்கு எம்பி என்று வைத்தாலும் மூவாயிரத்து எழுநூறு படத்தில் நிறைந்துவிடும். வீடியோ என்றால் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். முதல் பிள்ளைக்காரர்கள் அதைப் பெயர் வைப்பதற்குள் தாண்டிவிடுவார்கள். இரண்டு வருடம் யாரும் உள்ளே நுழையாத கணக்கை நீக்கிவிடலாம் என்ற விதியும் 2023 டிசம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. குழந்தையின் பெயரில் ஆசையாக ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்கி, கடிதம் எழுதிச் சேர்த்துவிட்டு, அவன் பதினெட்டு வயதில் திறக்கட்டும் என்று விட்டுவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நீங்களாவது இடையிடையே உள்ளே போய் வர வேண்டும்.

தளங்கள் மூடப்படுவதும் உண்டு. 2011-இல் பிறந்த என் மகளின் முதல் மாதப் படங்களை ஆர்குட் என்ற சமூக வலைத்தளத்தில் ஏற்றியிருந்தேன். கைப்பேசி தொலைந்தபோதுகூட, அதுதான் ஆர்குட்டில் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன். 2014 செப்டம்பர் 30-இல் அது மூடப்பட்டது. எடுத்துக்கொள்ள அவகாசம் கொடுத்திருந்தார்கள். அன்றாட ஓட்டத்தில் நான்தான் கோட்டைவிட்டேன்.

வாட்ஸ்அப் குடும்பக் குழுவைச் சேமிப்பு என்று நினைக்கிறவர்கள் ஏராளம். அது தபால்காரர், பீரோ இல்லை. சாதாரணமாக அனுப்பும்போது படத்தைச் சுருக்கிவிடுகிறது, எடுத்த தேதி முதலான விவரமும் போய்விடுகிறது. நல்ல படத்தை டாகுமென்ட் என்ற வழியில் அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும்.

கைப்பேசியைப் பற்றி எனக்கு இன்னொரு மனக்குறை உண்டு, எழுதத் தயங்கித்தான் எழுதுகிறேன். இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே ஒரு கரு பதினோராவது வாரத்தில் கலைந்தது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து படுத்திருந்த வாரத்தில், கர்ப்பக் காலத்துக்கென்று வைத்திருந்த செயலி, உங்கள் குழந்தை இப்போது எலுமிச்சம்பழ அளவு என்று செய்தி அனுப்பியது. அடுத்த வாரம் வேறொரு பழம். அதை நீக்க வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் பழங்களை வாங்கிக்கொண்டிருந்தேன். சில வருடம் கழித்து அதே தேதியில் கைப்பேசி அந்த ஸ்கேன் படத்தைப் பழைய நினைவு என்று தானாகவே எடுத்துக் காட்டியது. நோட்டு அப்படிச் செய்யாது. நாம் திறந்தால் திறக்கும், மூடினால் மூடிக்கிடக்கும். அந்த மூன்று மாதத்துக்கும் என்னிடம் நான்கு பக்கம் இருக்கிறது. கிழிக்கவில்லை, அடிக்கடி திறப்பதும் இல்லை. இப்படி ஒன்று நேர்ந்தவர்கள் செயலியை நிறுத்துவதையும் அந்தத் தேதிகளை நினைவூட்டலிலிருந்து மறைப்பதையும் வீட்டில் வேறொருவர் பொறுப்பில் விட்டுவிடுவது நல்லது.

மூன்றாம் கேள்வியில் கைப்பேசி மொத்தமாகத் தோற்கிறது. கடவுச்சொல் ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கிறது. கணக்கு செயலற்றுப் போனால் யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்க கூகுள் கணக்கில் வசதி உண்டு. பத்து நிமிட வேலை. செய்து வைத்திருப்பவர்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும்.

ஹார்ட் டிஸ்க் குறித்து நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஐந்து வருடம் நம்பலாம், பிறகு அதிர்ஷ்டம். இரண்டு வாங்கி ஒன்றை ஊரில் அம்மா வீட்டில் வைத்து, தீபாவளிக்குப் போகும்போதெல்லாம் புதுப்பித்தால் அது நல்ல காவல். பென் டிரைவ் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு எடுத்துப்போக மட்டும்.

பொருட்களையும் சொல்ல வேண்டும். வளைகாப்பு வளையல் இரண்டு, மருத்துவமனையில் குழந்தையின் காலில் கட்டிய பெயர்ப்பட்டை, தூளி கட்டிய பாட்டியின் நூல் புடவை. விழுந்த தொப்புள்கொடியை வெள்ளித் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டுகிற வழக்கம் இருப்பவர்களுக்கு அதைவிட நெருக்கமான நினைவுச்சின்னம் வேண்டியதில்லை. ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் அடங்கினால் போதும், அதற்கு மேல் போனால் குப்பை.

பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, தாய் சேய் அட்டை போன்றவற்றை இதோடெல்லாம் கலக்காதீர்கள். அவற்றுக்குத் தனிக் கோப்பு. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அது அரசாங்கத்துக்கான நினைவு.

கடைசியாகக் குரல். அன்று அதிக நேரம் பேசியது இதைப் பற்றித்தான், ஏனென்றால் அவள் பட்டியலிலேயே இது இல்லை.

என் பாட்டி 2018-இல் போனார். அவர் படம் நாற்பதுக்கு மேல் இருக்கிறது. குரல்? மகனின் காதுகுத்து வீடியோவில் பதினான்கு நொடி. "போதும், படம் பிடித்தது. அடுப்பில் பால் இருக்கிறது, போய்ப் பார்" என்கிறார். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரையும் தூங்கவைத்த தாலாட்டை யாரும் பதிவு செய்யவில்லை. தாலாட்டு என்றால் ஏதோ பொதுவான பாட்டு என்று நினைத்துவிடுகிறோம். யார் அடித்து நீ அழுதாய் என்று கேட்டு, மாமன், அத்தை, பாட்டி என்று ஒவ்வொருவராக வரிசைப்படுத்தும் பாட்டு அது. பாட்டி அந்த வரிசையில் உண்மையான ஆட்களை நுழைத்துவிடுவார். மில்லில் வேலை பார்த்த மாமா மில் சங்கோடு வருவார். கொழும்புக்குப் போய்த் திரும்பாத ஒரு சின்னத் தாத்தா கப்பலோடு வருவார். அப்படி ஒரு தாத்தா இருந்தார் என்பதே எனக்கு அந்தப் பாட்டில்தான் தெரியும். அவர் பெயரை எப்படி உச்சரித்தார் என்பது இப்போது சரியாக நினைவில்லை. அம்மா ஒன்று சொல்கிறார், மாமா வேறொன்று சொல்கிறார்.

குரல் பதிவுக்குச் செலவில்லை. கைப்பேசியில் ஒரு நிமிடம் ஏறத்தாழ ஒரு எம்பிதான். ஒரு மணி நேரப் பேச்சு பதினைந்து படம் அளவு இடத்தைத்தான் அடைக்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைப்பேசியை மடித்த துண்டின் மேல் வைத்து, முதலில் தேதியையும் பேசுகிறவர் பெயரையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும். "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்; திறந்தால் உபதேசம் வரும். "என்னைப் பெற்ற அன்று எதில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள்?", "பிரசவத்துக்குப் பிறகு காய மருந்து இடித்தது யார்?", "எனக்கு முதலில் வேறு பெயர் வைத்தீர்களாமே?" என்று கேளுங்கள். இதை இரவு மூன்று மணிக்கும் செய்யலாம். நோட்டு எழுத முடியாத நாற்பது நாளிலும் தாய் தன் குரலில் ஒரு நிமிடம் பேசி வைக்கலாம். பின்னணியில் பிள்ளை அழட்டும், அதற்காகத்தானே.

குரலின் குறை, தேட முடியாது என்பது. பெயரில்லாத நூறு கோப்பு என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். கோப்புக்குப் பெயர் வைத்து, நோட்டில் ஒரு பக்கத்தில் அதன் பட்டியலை எழுதி வைத்தால் அந்தக் குறை தீரும்.

கையில் நூறு ரூபாய்தான் இருக்கிறது என்றால் எனக்கு யோசனையே வராது: ஒரு நோட்டு, கூடவே குரல். கொஞ்சம் கூட இருந்தால் அறுபது படம் பிரிண்ட். கைப்பேசியும் இணையச் சேமிப்பும் எப்படியும் நடக்கப்போகிறது, அதைத் தேர்வு என்று சொல்ல முடியாது; இரண்டு பேருக்குக் கடவுச்சொல் தெரிந்திருந்தால் போதும். எழுதவே வராது என்கிறவர்கள் நோட்டை விட்டுவிட்டுப் பேசி வைக்கட்டும். கணவனும் மனைவியும் சிங்கப்பூரிலோ நியூஜெர்சியிலோ, பெற்றவர்கள் தென்காசியிலோ இருந்தால் வரிசை மாறும். அங்கே எல்லோரும் படம் சேர்க்கக்கூடிய பகிர்வு ஆல்பம்தான் முதலிடம், ஏனென்றால் பாட்டி இன்றைக்கே பார்க்க வேண்டும்; இருபத்தைந்து வருடக் கணக்கெல்லாம் அவருக்கு உதவாது. பொதுவெளியில் மட்டும் பிள்ளையின் முகத்தை விரிக்க வேண்டாம். பெரியவர்கள் அதைக் கண் என்பார்கள்.

சித்தி மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் நாளைக்கே நோட்டு வாங்குகிறேன்" என்று எழுந்தாள். நாளை எதற்கு என்று சித்தியைப் போனில் கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போட்டு, என் கைப்பேசியில் பதிவைத் தொடங்கிவிட்டு, "சித்தி, இவளைப் பெற்ற அன்று என்ன நடந்தது?" என்றேன்.

"அன்றைக்குக் கரண்ட் இல்லை" என்று ஆரம்பித்தார். இருபத்தெட்டு வருடமாக அவள் கேட்டிராத கதை. பக்கத்து வீட்டுக்காரரின் டெம்போ, பாதி வழியில் டீசல் தீர்ந்தது, டார்ச் வெளிச்சத்தில் நர்ஸ் முகம், முதலில் பையன் என்று யாரோ தப்பாகச் சொல்லி மாமா சாக்லேட் வாங்கிவந்தது. நடுவில் சித்தி வீட்டுக் குக்கர் மூன்று விசில் அடித்தது. பேச்சை நிறுத்திவிட்டு, "இருங்கள், அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன்" என்று போனார்.

"விசில் விழுந்துவிட்டதே அக்கா, முதலிலிருந்து எடுக்கலாமா?" என்றாள்.

வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.